யாருக்காகத் திறந்தது இந்தக் கதவு?

கொழும்புத்துறைக் கரையிலே நின்று தெற்கே நோக்கினால், பரவைக் கடலுக்கு அப்பால் பூநகரிக் கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். ஆழமில்லாத கடல் அது. நண்டுக்கும் இறாலுக்கும் பெயர்பெற்றது. பெருங்கப்பல் எதுவும் இங்கே வர இயலாது. எனினும் உலக வணிகத்தின் வரலாறு இந்தச் சிறு துறையைத் தொடாமற் போனதில்லை. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேய ஆளுநன் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சாவின் படை இந்தக் கரையிலே இறங்கித்தான் நல்லூரை நோக்கி நடந்தது. கறுவாவும் முத்தும் யானையும் தேடிக் கீழ்த்திசை வந்த வணிகம் அன்று பீரங்கியைத் துணைக்கு அழைத்து வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர், 1948இல் கொடி மாறியது.

இன்று வணிகம் பீரங்கியோடு வருவதில்லை. உடன்படிக்கைத் தாளோடு வருகிறது. கடன் பத்திரத்தோடு வருகிறது. "அபிவிருத்தி" என்ற இனிய சொல்லோடு வருகிறது. படை இறங்கினால் ஊர் திரண்டு பார்க்கும். தாளிலே இடும் கையெழுத்தை எவர் பார்க்கிறார்? கொழும்புத்துறையில் வலை காய வைக்கும் மனிதனுக்குத் தன் பிடியின் விலை ஏன் குறைந்தது, தன் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெயின் விலை ஏன் ஏறியது என்பது தெரியாது. அவனுக்குத் தெரியாமல் இருப்பதிலேதான் சிலருடைய செல்வம் தங்கியிருக்கிறது. ஆகவே இதைப் பற்றிப் பேசுவது ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமது கடமையாகிறது.

நமது கருத்தரங்குகளிலும் பத்திரிகைகளிலும் ஒரு வாதம் ஓயாமல் ஒலிக்கிறது. "இலங்கை சிறிய நாடு. இரண்டு கோடிச் சொச்சம் மக்கள். உள்ளூர்ச் சந்தை போதாது. அண்டை நாடுகளோடு ஒரே சந்தையாக இணைந்தால் தீர்வை நீங்கும், பண்டம் மலியும், மூலதனம் வரும், வேலை பெருகும். யாழ்ப்பாணத்துக்கோ இரட்டிப்பு நன்மை. பலாலியிலிருந்து 2019இல் இந்தியாவுக்கு விமானம் பறந்தது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் கப்பல் ஓடத் தொடங்கியது. இனி என்ன குறை?" என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்தை எள்ளி நகையாடுதல் எளிது; அது நேர்மையாகாது. சிறிய நாடு தனித்து வாழ இயலாது என்பது உண்மை. கப்பல் ஓடுவதும் விமானம் பறப்பதும் நல்லவையே. உறவினரையும் நூல்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பலை எவன் வெறுப்பான்? யாழ்ப்பாணத்தான் வெளியுலகம் அறியாது வாழ்ந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. நமது புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. சங்கு வங்காளத்துக்குப் போனது. நமது எழுதுவினைஞர்கள் மலாயாவுக்குப் போனார்கள். கதவு திறப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. கதவு எவருக்காகத் திறக்கிறது, திறப்புக்கோல் எவர் மடியில் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

*

முதலில் நமது தோட்டத்துக்குப் போவோம்.

1970க்கும் 1977க்கும் இடையிலே அந்நியச் செலாவணி நெருக்கடியில் அகப்பட்ட அன்றைய அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் விளைவை யாழ்ப்பாணத்துச் செம்மண் கிராமங்கள் நன்கு அறியும். கோப்பாயிலும் உரும்பிராயிலும் திருநெல்வேலியிலும் தோட்டக்காரனுடைய விளைச்சலுக்கு விலை கிடைத்தது. துலா மிதித்த கிணறுகளிலே நீரிறைக்கும் இயந்திரம் ஏறியது. ஓலை வீடு கல்வீடாயிற்று. படித்து முடித்து உத்தியோகம் கிடையாத இளைஞன் மண்வெட்டியை வெட்கமின்றித் தோளில் ஏற்றிய காலம் அது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. தோட்டக்காரன் செழித்தபோது கொழும்பிலும் மலையகத்திலும் ஏழைகள் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். மலையகத் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்திலுந்தான் எல்லோரும் செழித்தார்களா? நிலமும் கிணறும் உடையவன் செழித்தான். அந்த நிலத்திலே குனிந்து களை பிடுங்கிய கூலிப் பெண்ணுக்கு, நிலம் வாங்கும் உரிமை சாதியின் பெயரால் தடுக்கப்பட்டிருந்த குடும்பத்துக்கு, அந்தச் செழிப்பின் எந்தப் பங்கு போய்ச் சேர்ந்தது? ஆயினும் ஒன்று மட்டும் நிச்சயம். அரசின் கொள்கை உள்ளூர் உற்பத்தியைத் தாங்கினால் இந்த வரண்ட மண்ணும் விளையும் என்பதை அந்த ஏழாண்டுகள் நிரூபித்தன.

1977இல் ஆட்சி மாறியது. ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் அவ்வாண்டு நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தகர்ந்தன. தென்னாசியாவிலே முதன்முதலாகத் திறந்த பொருளாதாரத்தைத் தழுவிய நாடு நாமே என்று மேடைகளில் பெருமை பேசினார்கள். மலிந்த மிளகாயும் வெங்காயமும் துறைமுகத்தில் இறங்கின. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் விலை சரிந்தது. கைத்தறி ஓசை ஊர் ஊராக அடங்கியது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. அந்தப் பெயரிலுள்ள சுதந்திரம் மூலதனத்தின் சுதந்திரமே. அங்கே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்த கிராமத்துப் பெண்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. வாயிலுக்கு உள்ளே இல்லை.

வடக்குக்கு இந்தத் திறந்த பொருளாதாரம் இரண்டு தடவை வந்தது. முதலில் 1977இல் வந்து தோட்டத்தைத் தாக்கியது. பின்னர் போர் மூண்டது; 1990க்குப் பின் தடைப் பட்டியல் வந்தது; தென்னிலங்கையில் கடைகள் வெளிநாட்டுப் பண்டங்களால் நிறைந்திருக்க, இங்கே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரும்பொருள்களாயின. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அடங்கியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அழிந்தது. ஆனையிறவு உப்பளம் பாழானது. 2009இல் போர் முடிந்தபோது கதவு இரண்டாம் முறை திறந்தது. முதலில் வந்தவை எவை? தொழிற்சாலைகளா? இல்லை. வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. உழைப்பதற்குக் கருவி வருமுன்னே வாங்குவதற்குக் கடன் வந்தது. கணவனை இழந்த பெண் வாரத் தவணை கட்டுவதற்காக இன்னொரு கடன் வாங்கினாள். 2018இல் அரசாங்கமே இந்த நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது என்றால், நோயின் ஆழத்தை அளந்து கொள்ளலாம்.

*

இனி, பிராந்திய ஒன்றியம் என்ற பெரிய சொல்லுக்கு வருவோம்.

தென்னாசியப் பிராந்திய ஒத்துழைப்புச் சங்கமாகிய சார்க் 1985ஆம் ஆண்டு டிசெம்பரில் டாக்கா நகரிலே பிறந்தது. 1993இல் முன்னுரிமை வர்த்தக உடன்படிக்கை கைச்சாத்தானது. 2004இல் இஸ்லாமாபாத்தில் தென்னாசியச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை ஒப்பமாகி, 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏடுகளிலே இவை மலைபோல் உள்ளன. நடைமுறையிலே தென்னாசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் அந்நாடுகள் தமக்குள்ளே நடத்துவது ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து வீதம். தென்கிழக்காசிய நாடுகளில் அது ஏறக்குறைய இருபத்தைந்து வீதம். சார்க் உச்சி மாநாடோ 2014இல் காட்மாண்டுவில் கூடிய பின் கூடவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் கூடவிருந்த மாநாடு இந்திய–பாகிஸ்தான் பகையிலே கரைந்து போயிற்று. இரண்டு பெரிய வீட்டாரின் சண்டையில் ஊர்ச் சங்கமே பூட்டிக் கிடக்கிறது.

சங்கம் பூட்டிக் கிடந்தாலும் வணிகம் நிற்கவில்லை. அது தனித்தனி உடன்படிக்கைகளின் வழியே நடந்தது. அவற்றுள் முதன்மையானது 1998 டிசெம்பர் 28இல் கைச்சாத்தாகி, 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. அதன் கதையை மாணவர்கள் ஒரு பாடமாகவே படிக்க வேண்டும்.

இலங்கைக்கு எவற்றை விற்கும் ஆற்றல் உண்டு? தேயிலை, ஆடை, மிளகு. அவற்றுக்கே வரம்பு விழுந்தது. தேயிலை ஆண்டுக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோவுக்கு மேல் சலுகையில் போகக் கூடாது. அதுவும் தொடக்கத்தில் கொச்சி, கல்கத்தா ஆகிய இரு துறைமுகங்கள் வழியாகவே போகலாம். ஆடை 80 இலட்சம் உருப்படிகள். அதிலும் பெரும்பகுதி இந்தியத் துணியிலே தைத்ததாக இருத்தல் வேண்டும். சுதந்திர வர்த்தகம் என்று பெயர் சூட்டிவிட்டு, விற்கக்கூடிய பண்டத்துக்கெல்லாம் வேலி கட்டிய விந்தையைப் பாருங்கள்.

விற்க முடியாத பண்டத்துக்கு மட்டும் வாயில் அகலத் திறந்தது. இலங்கையிலே செம்புச் சுரங்கம் இல்லை. வனஸ்பதி செய்யப் போதிய பாமெண்ணெயும் இல்லை. ஆயினும் சில ஆண்டுகளிலே இந்தியாவுக்கான நமது ஏற்றுமதியில் பெரும்பங்கு வனஸ்பதியும் செம்பும் ஆயின. இது எப்படி? பாமெண்ணெய்க்கு இந்தியா கடுந்தீர்வை விதித்திருந்தது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து வந்த எண்ணெயை இலங்கையில் இறக்கி, சிறிது பதப்படுத்தி, வனஸ்பதி என்ற பெயரிலே அனுப்பினால் தீர்வை இல்லை. இந்திய முதலாளிகள் இங்கே வந்து ஆலை கட்டினார்கள். கணக்குப் புத்தகத்திலே ஏற்றுமதி துள்ளிக் குதித்தது, அமைச்சர்கள் கைதட்டினார்கள். பின்னர் இந்தியாவில் இருந்த உற்பத்தியாளர்கள் கூக்குரல் எழுப்பினர், டெல்லி அளவுக் கட்டுப்பாடு விதித்தது, ஆலைகள் மூடின. மூலதனம் வந்த வழியே திரும்பிப் போனது. எஞ்சியது தகரக் கொட்டகையும் வேலை இழந்த தொழிலாளியும்.

இதிலே இந்திய மக்களுக்கு என்ன இலாபம்? நமது மக்களுக்கு என்ன இலாபம்? இரு நாட்டுச் சட்டங்களுக்கும் இடையே இருந்த ஓர் இடுக்கிலே சிலர் பணம் பொறுக்கினார்கள். அதற்குப் பிராந்திய ஒருமைப்பாடு என்று பெயர் வைத்தார்கள்.

வெங்காயத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். சுதந்திர வர்த்தகத்தின் பெயரால் உள்ளூர் வெங்காயச் செய்கைக்குக் காப்பு வேண்டியதில்லை என்றார்கள். பம்பாய் வெங்காயம் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். 2019 செப்டெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2020 செப்டெம்பரில் மீண்டும் தடை. 2023 டிசெம்பரில் மறுபடியும் தடை. ஒவ்வொரு முறையும் இலங்கைச் சந்தையில் விலை எரிந்தது. தன் நகரத்து மக்களின் வயிற்றைக் காக்க ஒரு பெரிய நாடு கதவடைப்பதை நாம் குறை சொல்ல முடியாது. அரசென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். நமது கேள்வி வேறு. பெரிய நாட்டுக்கு நியாயமான காப்பு, சிறிய நாட்டுக்கு மட்டும் பத்தாம்பசலிக் கொள்கை ஆனது எங்ஙனம்? கதவைத் திறக்கவும் மூடவும் ஒருவனுக்கு மட்டும் உரிமை இருக்குமானால், மற்றவன் அந்த வீட்டில் பங்காளி அல்லன், வாடகைக்கு இருப்பவன்.

*

தோட்டத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். கொழும்புத்துறைக்கும் பாசையூருக்கும் குருநகருக்கும் இதுவே உயிர்நாடி.

நமது கடலிலே பிடிபடும் நீலக்கால் நண்டின் தசை கடல் கடந்து சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. விடியுமுன் வலை இழுத்தவன் வேறு. பதப்படுத்தும் கூடத்திலே நாள் முழுதும் நின்று, ஓட்டை உடைத்துத் தசை பிரிக்கும் பெண் வேறு. விலை நிர்ணயிப்பவன் வேறு. முதல் இருவரும் ஒருவரை ஒருவர் அறிவர். மூன்றாமவனை இருவரும் கண்டதில்லை. உலகமயமாதல் என்ற நீண்ட சொல்லின் பொருளை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியாது.

பாக்குநீரிணையைப் பாருங்கள். 1950களிலே நோர்வேயின் உதவித் திட்டத்தோடு தென்னிந்தியக் கரையில் மீன்பிடி இயந்திரமயமானது; இழுவைமடி பரவியது. இறாலுக்கு யப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலை ஏற ஏற, இராமேசுவரம் கரையிலே இழுவைப்படகுகள் பெருகின. இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டி வாரும். இறாலோடு குஞ்சும் குருமனும் பாசியும் முட்டையும் எல்லாம் வரும். தம் கரைக் கடலை வறிதாக்கிய படகுகள் எல்லை தாண்டி நம் கரைக்கு வந்தன. போர்க் காலத்தில் இராணுவக் கட்டுப்பாடுகளால் நமது மீனவர் கரையில் முடங்கிக் கிடந்தார்கள். 2009க்குப் பின் அவர்கள் மீண்டும் கடலில் இறங்கியபோது, கடன் வாங்கிப் போட்ட வலைகளை இழுவைப்படகுகள் ஒரே இரவில் அறுத்துச் சென்றன. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. படகுகள் நிற்கவில்லை. கடற்படை பிடிக்கிறது, சிறையில் அடைக்கிறது, கடலில் உயிர்களும் போயின.

சிறையில் இருப்பவன் யார்? படகின் உரிமையாளனா? இல்லை. பங்குக்கோ கூலிக்கோ போன தமிழ்நாட்டு ஏழை மீனவன். வலை இழந்து நிற்பவன் யார்? வடமாகாணத்து ஏழை மீனவன். இருவரும் தமிழ் பேசுகிறார்கள். அந்தோனியார் திருவிழாவுக்குக் கச்சதீவில் ஒன்றாக முழந்தாளிடுகிறார்கள். இருவரையும் பகைவராக்கியது எது? தொலைதூர நாட்டு விருந்து மேசைக்கு இறால் தேடும் இலாபம். நம் கரையிலும் இழுவைப்படகு வைத்திருப்போர் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. இலாபத்துக்கு அக்கரை, இக்கரை என்ற பேதமில்லை.

2010ஆம் ஆண்டிலே இருகரை மீனவர்களும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். இழுவைமடித் தொழிலை ஓராண்டுக்குள் கைவிடுவதென்று தமிழ்நாட்டு மீனவப் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டார்கள். படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் கருதும் அந்த மனிதர்கள் கண்ட வழி அது. அந்த உடன்பாட்டுக்கு உயிர் கொடுக்க இரு அரசுகளும் முன்வரவில்லை. ஆலைகளுக்கும் எண்ணெய்க்கும் உடன்படிக்கை எழுத நேரம் இருந்தவர்களுக்கு, வலைக்கும் வயிற்றுக்கும் ஓர் உடன்படிக்கை எழுத நேரம் இருக்கவில்லை.

இப்பொழுது பரவைக் கடலிலேயே வேலி முளைக்கிறது. அது கடலட்டைப் பண்ணை. நம்மவர் கடலட்டை உண்பதில்லை. சீனத்தின் சந்தைக்கு அது போகிறது. 2021இல் அக்கரைக் கௌதாரிமுனையிலே சீனத் தொடர்புடைய பண்ணைக்கு எதிராக மீனவர் குரல் எழுப்பினார்கள். 2022இல் வடக்கிலும் கிழக்கிலும் 5,000 ஏக்கர் பரப்பில் பெருமளவிலான கடலட்டைத் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. பண்ணையால் வருமானம் பெறும் உள்ளூர்க் குடும்பங்களும் உண்டு. அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் நிலமில்லாதவனுக்கு இதுவரை எஞ்சியிருந்த ஒரே பொதுச்சொத்து இந்தக் கடல். முழங்காலளவு நீரில் இறங்கி நண்டும் இறாலும் பிடிக்க எவனிடமும் உறுதி கேட்டதில்லை. வேலி விழுந்தால் கடலுக்கும் உரிமையாளன் வந்துவிடுவான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு மின்சாரம் தரும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய உதவிக்கு மாறியது. பூநகரியிலும் மன்னாரிலும் காற்றாலை அமைக்க வந்த இந்தியப் பெருமுதலாளியான அதானியின் நிறுவனம், மின்சார விலையை மீள ஆராய வேண்டுமென்று புதிய அரசாங்கம் கேட்டபின், 2025 பெப்ரவரியில் விலகிக் கொண்டது. நமது தீவும் நமது காற்றும் நமது கடலும் எவர் கைக்குப் போவது என்பது பற்றி பீஜிங் பேசுகிறது, டெல்லி பேசுகிறது, கொழும்பு பேசுகிறது. நெடுந்தீவானிடம் கேட்டவர் யார்?

*

2022ஆம் ஆண்டு இந்தக் கணக்கெல்லாம் தீர்க்கப்பட்ட ஆண்டு. ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்து, இடைவெளியைக் கடனால் நிரப்பி, கடனைத் தீர்க்க மீண்டும் கடன் வாங்கிய நாடு, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிவித்தது. எரிவாயுவுக்கு வரிசை; பெற்றோலுக்கு வரிசை; பரீட்சைத் தாள் அச்சிடக் கடதாசி இல்லை. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய எழுபது வீதம். யூலையிலே மக்கள் வெள்ளம் சனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்தது. இந்தியா ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவுக்கு உதவியது; அந்த உதவியை நன்றியோடு ஏற்பதில் நமக்கு வெட்கமில்லை. அண்டை வீட்டார் நீர் கொடுத்தால் குடிக்கத்தான் வேண்டும். கிணற்றை எழுதிக் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 1965இலிருந்து எண்ணினால் இது பதினேழாவது உடன்பாடு. பதினாறு தடவை மருந்து கொடுத்தும் நோய் தீராவிடின், நோயாளியை மட்டுமா குறை கூறுவது? மருத்துவனையும் ஒருமுறை விசாரிக்க வேண்டாமா?

மருந்தின் கசப்பு எவர் நாவில் இறங்கியது என்று பார்ப்போம். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. சந்தை விலைக்குச் சரி செய்தார்களாம்! சிறு படகின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஏழையின் விளக்கும் மண்ணெண்ணெயில் எரிகிறது. பிடிக்கும் மீனின் விலை நான்கு மடங்காகவில்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் பதினெட்டு வீதமாயிற்று. பால்மா வாங்கும் தாயும் கார் வாங்கும் முதலாளியும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை ஊழியர் சேமலாப நிதியின் தலையிலே விழுந்தது, வங்கிகள் தப்பின. கடனை வாங்கியவர்கள் ஒரு வர்க்கம்; கட்டுகிறவர்கள் வேறொரு வர்க்கம்.

இது நமது நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விதி என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தினுள்ளே கிரேக்க நாடு 2010இலிருந்து பட்ட பாட்டை உலகம் கண்டது. 2015 யூலையில் அந்த மக்கள் வாக்கெடுப்பில் அறுபத்தொரு வீதத்தினர் சிக்கனத் திட்டம் வேண்டாம் என்றார்கள். சில நாட்களுக்குள் அதே சிக்கனத்தை ஒன்றியம் அவர்கள்மீது சுமத்தியது. இத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் பின்தங்கிய பகுதிகளைத் தூக்கிவிடப் பொது நிதி உண்டு. தொழிலாளி எல்லை கடந்து போய் வேலை செய்யச் சட்டப்படி உரிமை உண்டு. நமது பிராந்தியத்திலோ பண்டத்துக்கும் பணத்துக்கும் மட்டுமே கடவுச்சீட்டு. மனிதன் எல்லை தாண்டினால் கைது!

*

இந்த நிலையில் இரண்டு பொய்யான விடைகள் நம் முன் நிற்கின்றன.

ஒன்று, கதவை இன்னும் அகலத் திறவுங்கள் என்பது. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தில் ஒரு பகுதியினர் இதை விரும்புகிறார்கள். கொழும்பு நம்மை வஞ்சித்தது. ஆகவே டெல்லி நம்மை வாழவைக்கும் என்பது அவர்களின் தருக்கம். கொழும்பு வஞ்சித்தது உண்மை. ஆனால் பிந்திய வாக்கியம் முந்தியதிலிருந்து பிறக்கவில்லை. நாகபட்டினத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பண்டம் வந்தால் யாழ்ப்பாணத்துப் பெருவணிகன் செழிப்பான். கொழும்புத்துறை மீனவனும் கோப்பாய்க் கூலிப் பெண்ணும் செழிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் எங்கே?

மற்றது, கதவை அறைந்து மூடுங்கள் என்பது. தெற்கிலே இது தேசபக்தியின் வேடத்தில் வரும். 1971 கிளர்ச்சிக்கு முன் இளைஞர்களுக்கு நடத்திய வகுப்புகளிலே இந்திய விஸ்தரிப்புவாதம் என்று ஒரு பாடம் இருந்தது. டெல்லியின் முதலாளிகளைச் சாடுவதாகத் தொடங்கிய அந்தப் பாடம், தேயிலைத் தோட்டத்து லயத்திலே வாழும் கூலித் தொழிலாளியை அந்நியனின் கையாளாகக் காட்டுவதிலே முடிந்தது. இதைவிடக் கொடிய தவறு இடதுசாரி இயக்கத்துக்கு வேறு உண்டோ? அந்நிய மூலதனத்தை எதிர்க்கிறேன் என்று புறப்படுகிறவன், அந்நியன் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மூலதனம் என்ற சொல்லை மறந்தால், போய்ச் சேரும் இடம் இனவெறியே.

நாம் வேண்டுவது எது? ஒன்றியமே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. உழைப்பவனின் ஒன்றியம் வேண்டும் என்கிறோம். முதலாவதாக, பாக்குநீரிணையில் இழுவைமடி ஒழிய வேண்டும். அதிலே கூலிக்குப் போகும் தமிழ்நாட்டு மீனவனுக்கு மாற்றுத் தொழிலுக்கு இரு அரசுகளும் பொறுப்பேற்க வேண்டும். மேசையில் மீனவர் பிரதிநிதிகள் அமர வேண்டும். இரண்டாவதாக, வெங்காயம், மிளகாய், நெல் முதலிய உணவுப் பயிர்களுக்கு விதைக்கும் முன்னரே உறுதி விலை அறிவித்து, கூட்டுறவுச் சங்கங்கள் வழியே வாங்க வேண்டும். அறுவடை நாட்களில் இறக்குமதிக் கப்பல் வருவதை நிறுத்த வேண்டும். அந்த விலையில் கூலிப் பெண்ணின் பங்கும் எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, பரவைக் கடலில் ஒரு முழம் வேலி அடிப்பதாயினும் அந்தக் கரை மக்களின் சங்கம் கூடித் தீர்மானிக்க வேண்டும். நான்காவதாக, எந்த வர்த்தக உடன்படிக்கையும் கையெழுத்தாகுமுன் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். டாக்காவில் தைக்கும் பெண்ணும் கட்டுநாயக்காவில் தைக்கும் பெண்ணும் திருப்பூரில் தைக்கும் பெண்ணும் ஒருவரின் கூலியை மற்றவரின் கூலியைக் காட்டிக் குறைப்பதற்கு இடமளியாதபடி, இப்பிராந்தியம் முழுமைக்கும் ஒரு குறைந்தபட்சக் கூலி ஏன் இருக்கக் கூடாது? தீர்வைக்குப் பொது விதி எழுதத் தெரிந்தவர்களுக்குக் கூலிக்குப் பொது விதி எழுதத் தெரியாதா?

இவை கனவு என்பார்கள். சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட ஆலயக் கதவுகளும் தேநீர்க்கடைக் கதவுகளும் 1960களிலே இதே யாழ்ப்பாணத்தில் போராட்டத்தால் திறந்தன. அன்றும் அது கனவென்று சொன்ன அறிஞர்கள் இருந்தார்கள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலே இருக்கும் பிள்ளைகளுள் பலர் நாளை விமானம் ஏறுவார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை நாடு அந்நியச் செலாவணி என்று எண்ணும். அவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கும்போது கேள்வி, நிரம்பல் வளைகோடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள் கொழும்புத்துறைக் கரைக்கு அழைத்து வாருங்கள். ஒரு கிலோ நண்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள். பிடித்தவனுக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, வலைக் கடனுக்கு எவ்வளவு, தசை பிரித்த பெண்ணுக்கு எவ்வளவு, கம்பனிக்கு எவ்வளவு, கடைசியில் அதை வெளிநாட்டில் உண்டவன் கொடுத்த விலை எவ்வளவு? அந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட மாணவன், கதவு எவருக்காகத் திறந்தது என்ற கேள்விக்கு விடையை நம்மிடம் கேட்க மாட்டான். அடுத்த கேள்வியை அவனே கேட்பான்.